ஒரு வயிறும் மூன்று வழியும்

இரண்டு டாக்டர்களும் ஒரே பேச்சாகப் பேசியிருந்தால் மலர்க்கொடிக்கு அன்று பாதிக் களைப்பு இருந்திருக்காது.

சனிக்கிழமை மதியம். பெரம்பலூர் கடைவீதியைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் கரண்ட் போயிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்ததால் தெருவில் போகிற டிராக்டர் சத்தமெல்லாம் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மேசைக்கு அந்தப் பக்கம் அறுவை டாக்டர் தர்மராஜ். அவருக்குப் பக்கத்தில், சனிக்கிழமைகளில் மட்டும் திருச்சியிலிருந்து வந்துபோகும் சிறுநீரக டாக்டர் அமிர்தவல்லி. இந்தப் பக்கம் மலர்க்கொடி. அவளுக்கு அடுத்த நாற்காலியில், பேச்சு தன்னைப் பற்றியதே இல்லை என்பதுபோலச் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு அவள் கணவன் முத்துவேல்.

அவன் வயிற்றில் மறுபடி ஒரு குழாய் வைக்க வேண்டும். அதை எந்த வழியில் வைப்பது என்பதுதான் பேச்சு.

முத்துவேல் அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவன். நாற்பது வயதுக்குள் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப்போயின. போன வருஷம் இதே ஆஸ்பத்திரியில் அவன் வயிற்றில் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றை வைத்தார்கள். பையில் இருக்கும் மருந்துத் தண்ணீரைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் விடுவது. சில மணி நேரம் கழித்து ரத்தத்தின் கழிவோடு அதை வடித்து எடுப்பது. மறுபடி புதுத் தண்ணீர். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வீட்டிலேயே. மலர்க்கொடி கதவைச் சாத்தி, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்து, முகத்தில் துணி கட்டிக்கொண்டு அதைச் செய்தாள். நடுவில் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், மாவு அரைத்தாள். அவள் வீட்டு இட்லி மாவுக்கு அரியலூரில் இரண்டு தெருவுக்கு வாடிக்கை உண்டு. சிரமம்தான். ஆனாலும் வீட்டுக்குள் நடந்த சிரமம். முத்துவேல் லாரி எடைமேடையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குக்கூடப் போய்வந்துகொண்டிருந்தான்.

எட்டு மாதத்தில் அந்தக் குழாய் கெட்டது. கெடுத்தது ஒரு கயிறு.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவன் அரைஞாண் கயிற்றை அறுத்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த அவன் அக்கா ரத்தினம்மாள், வெறும் இடுப்பைக் கண்டு வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "பொணத்துக்குத்தான்டா அரைஞாண அறுப்பாங்க! உசுரோட இருக்கறவனுக்கு யாருடா அறுத்தது?" சிறுவாச்சூர் கோயிலில் வைத்துக் கும்பிட்டுக் கொண்டுவந்த கறுப்புக் கயிற்றை அவளே கட்டிவிட்டாள். குழாய் வெளியே வரும் ஓட்டை இடுப்பு மட்டத்திலேயே இருந்தது. கயிற்றின் முடிச்சு அதன்மேல், முடிச்சின்மேல் லுங்கிக் கட்டு. நடக்க நடக்க உரசியது. சிவந்தபோது சூட்டுக் கட்டி என்று நினைத்துச் சந்தனம் பூசினார்கள். பூசியது மலர்க்கொடிதான். சீழ் வந்து, சீழ் உள்ளே இறங்கி, வயிற்றுவலியில் அவன் சுருண்டு விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். குழாயை எடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருச்சிக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார்கள். கழுத்தில் ஒரு குழாய் தொங்குகிறது. பஸ்ஸில் போகும்போது மூச்சு வாங்குகிறது. வரும்போது மயக்கம் வருகிறது. மெஷின் ஓடும்போது இரண்டு தடவை அவன் ரத்த அழுத்தம் சரிந்து, நர்சுகள் கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் இதயம் தளர்ந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

"மெஷினை இவரு ரொம்ப நாள் தாங்க மாட்டாரும்மா. வயித்து வழிதான் இவருக்கு நல்லது," என்றார் அமிர்தவல்லி. "அதுல எங்க ரெண்டு பேருக்கும் சண்டை இல்ல."

"குழாய எப்படி வைக்கறதுங்கறதுலதான் சண்டை," என்று சிரித்தார் தர்மராஜ். சிரித்துவிட்டு, மேசையில் கிடந்த மாதிரிக் குழாயை எடுத்து விரலில் சுற்றினார். நுனி சுருண்டு, பொடிப்பொடியாக ஓட்டை போட்ட வெள்ளைக் குழாய். "இந்த நுனி அடிவயித்துல, மூத்திரப் பைக்குப் பின்னாடி போய்ப் படுக்கணும். போன தடவ நான் நேரா வெட்டித் திறந்து வச்சேன். அப்ப அது சுத்தமான வயிறு. இப்ப சீழ் பிடிச்சு ஆறின வயிறு. உள்ள குடல் எங்கெங்க ஒட்டிக்கிட்டிருக்கோ, யாருக்குத் தெரியும்? அதனால கேமரா விட்டுப் பாத்து வைக்கணும்ங்கறேன். மூணு சின்ன ஓட்டை போதும். ஒட்டியிருந்தா பிரிச்சு விட்டுடலாம். நுனி சரியான எடத்துல படுத்திருக்கறத கண்ணால பாக்கலாம்."

"அதுக்கு முழு மயக்கம் குடுக்கணும்," என்றார் அமிர்தவல்லி. "வயித்துக்குள்ள காத்த நிரப்பி உப்ப வைக்கணும். இந்த ஹார்ட்டுக்கு அது சின்ன விஷயம் இல்ல. நான் வைக்கிற முறையில மயக்கமே வேணாம்மா. தோல் மரத்துப்போக ஒரு ஊசி. அப்பறம் ஒரு பெரிய ஊசி, அது வழியா ஒரு கம்பி, கம்பி மேலயே குழாய உள்ள தள்ளிடலாம். சாயங்காலம் எழுந்து உக்காந்துடுவாரு."

"கண்ண மூடிக்கிட்டு குத்தறது அது, மேடம்."

"இருபது வருஷமா குத்தறேன் சார்."

"ஒட்டாத வயித்துல."

அமிர்தவல்லி முத்துவேலின் சீட்டுகளைப் புரட்டினார். அதுவே மலர்க்கொடிக்குப் பதிலாக இருந்தது.

"அப்ப, போன தடவ மாதிரியே வெட்டி வச்சா என்னங்க?" என்று கேட்டாள்.

"வைக்கலாம். தோல மரக்க வச்சே செய்யலாம், முழு மயக்கம் வேணாம்," என்றார் தர்மராஜ். "ஆனா வெட்டு பெருசு. ஆற நாளாகும். ஓரத்துல தண்ணி கசியலாம், பின்னாடி குடலிறக்கம் வரலாம். முக்கியமா, உள்ள முழுக்கப் பாக்க முடியாது. என் விரல் எட்டற வரைக்கும் தடவிப் பாக்கலாம். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரியாது."

மலர்க்கொடி மனதுக்குள் தன் பாஷையில் போட்டு வைத்துக்கொண்டாள். ஒன்று, பார்த்து வைப்பது. ஒன்று, தொட்டு வைப்பது. ஒன்று, நம்பி வைப்பது.

"எது நல்ல முறைன்னு நீங்களே சொல்லிடுங்களேன்."

டாக்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நல்லா இருக்கற ஆளுக்கு மூணும் நல்ல முறைதாம்மா," என்றார் அமிர்தவல்லி. "எதுல குழாய் ரொம்ப நாள் ஓடுதுன்னு பாத்தா, ஒரு ஊர்க் கணக்கு ஒண்ணு சொல்லுது, இன்னொரு ஊர்க் கணக்கு வேற சொல்லுது. இவருக்குன்னு வரும்போது, கேமரான்னா ஹார்ட்டுக்கு ஆபத்து. ஊசின்னா குடலுக்கு ஆபத்து. வெட்டித் திறந்தா ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம். எந்த ஆபத்த எடுத்துக்கறதுன்னு எங்களால முடிவு பண்ண முடியாது. வூட்ல பேசிட்டு செவ்வாய்க்கிழமை வந்து சொல்லுங்க. நான் அன்னிக்கு இங்க வரேன். திருச்சி டயாலிசிஸ புதன்கிழமைக்கு மாத்தி வைக்கறேன்."

"நீங்க ஏதும் கேக்கணுமா முத்துவேல்?" என்றார் தர்மராஜ்.

முத்துவேல் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தான். "இல்ல சார்," என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் பேசியது அவ்வளவுதான்.

அரியலூர் பஸ்ஸிலும் அவன் பேசவில்லை. மலர்க்கொடி இரண்டு தடவை ஆரம்பித்துப் பார்த்தாள். "அந்தம்மா சொல்றத கேட்டா நல்லாத்தான் இருக்கு, இல்லைங்க?" அவன் தலையை ஆட்டினான். "தர்மராஜ் சார் சொல்றதும் சரியாத்தான் படுது." அதற்கும் அப்படியே ஆட்டினான். மூன்றாவது தடவை பேசத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் அந்த வெள்ளைக் குழாய் சுருண்டு கிடந்தது.

சிறுவாச்சூரில் வாழ்க்கைப்பட்டிருந்த ரத்தினம்மாள் அன்று சாயங்காலமே போன் போட்டாள். குழாய் கெட்டதிலிருந்து அவள் பேச்சு மலர்க்கொடியிடம் ஒரு படி இறங்கித்தான் வரும்.

"என்னம்மா மலரு, என்ன சொன்னாங்க?"

மலர்க்கொடி மூன்று வழியையும் சொன்னாள்.

"படிச்சவங்களுக்கே தெரியலன்னா நமக்கு எப்படித் தெரியும்? திங்கக்கெழமை நடை தொறக்கும். ரெண்டு பேரும் வந்துருங்க. ஆத்தா காலடியில பூக்கட்டிப் போட்டுப் பாத்துருவோம்."

கல்யாணத்துக்கு, நிலம் வாங்க, கிணறு வெட்ட என்று எல்லாவற்றுக்கும் அங்கே பூக்கட்டிப் பார்ப்பதுதான். நிறத்துக்கு ஒரு பதில் என்று வைத்துக்கொண்டு, பூக்களைத் தனித்தனியாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, ஏதாவது ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். கையில் வந்தது வாக்கு. மலர்க்கொடியும் தாலி கட்டிக்கொள்ளும் முன் அப்படி ஒரு பூவில் தேறி வந்தவள்தான். ஆனாலும் குடலுக்கும் இருதயத்துக்கும் பூக்கட்டுவதா?

"அவரு ஒத்துக்க மாட்டாரு அண்ணி," என்றாள்.

திண்டில் சாய்ந்து படுத்திருந்த முத்துவேல் தலையைத் தூக்கினான். "போவோம்னு சொல்லு," என்றான்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிறேன் என்பவன். ஏன் என்று கேட்க நினைத்தாள். ஊறவைத்த அரிசி அடுக்களையில் காத்திருந்தது. கேட்காமலே எழுந்து போனாள்.

திங்கட்கிழமை சிறுவாச்சூரில் நல்ல கூட்டம். மாவிளக்கு இடிப்பவர்களும் மொட்டை போட்ட பிள்ளைகளுமாகப் பிராகாரம் நிறைந்திருந்தது. ரத்தினம்மாள் ஒரு தூண் ஓரமாக இடம்பிடித்து, வாழையிலைத் துண்டுகளையும் பூவையும் பரப்பி வைத்திருந்தாள். தம்பியைக் கண்டதும் அவன் கழுத்துக் குழாயைப் பார்த்தாள். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கிக்கொண்டாள்.

"மல்லி, கேமராவுக்கு. செவ்வரளி, ஊசிக்கு. சாமந்தி, வெட்டி வைக்கறதுக்கு. சரியா மலரு? மாத்திச் சொல்லிறப்போறேன்."

"சரிதான் அண்ணி."

மூன்றையும் ஒரே அளவாக இலையில் மடித்து வாழைநாரால் கட்டினாள். எடுக்கச் சொல்ல ஒரு குழந்தைக்காக அங்கும் இங்கும் பார்த்தாள்.

"இன்னொண்ணு கட்டுக்கா," என்றான் முத்துவேல்.

"இன்னொண்ணா? மூணுதானடா?"

"நாலு. வேப்பெல ஒரு கொத்து வச்சுக் கட்டு."

"அது எதுக்கு?"

அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. கடையில் பொட்டலம் கேட்கிற குரல். "எதுவும் வேணாம்ங்கறதுக்கு. குழாயும் வேணாம், மெஷினும் வேணாம். ஆத்தா அத எடுத்துக் குடுத்தா வூட்டுக்குப் போயிறலாம்."

ரத்தினம்மாளின் கை நாரோடு அப்படியே நின்றது. "என்னடா பேச்சு பேசற, கோயில்ல வச்சு?" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எல்லாம் என்னாலதான். நான் கட்டுன கயிறு..."

"ஒன்னச் சொல்லலக்கா. நீ கட்டு."

மலர்க்கொடி குனிந்து மூன்று பொட்டலங்களையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் வேகமாகவே எடுத்தாள் போல. பக்கத்தில் மாவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்க இங்கயே இருங்க." முத்துவேல் பக்கம் திரும்பினாள். "நீங்க எங்கூட வாங்க."

"எங்க?"

"டீ குடிக்க."

"ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு தண்ணின்னு நீதான அளந்து குடுக்கற."

"இன்னிக்கு அளவுல ஒரு டீ இருக்கு. வாங்க."

கோயிலுக்கு வெளியே ஒரு கடையின் கீற்றுக்கொட்டகை நிழலில் பெஞ்சு காலியாக இருந்தது. தூரத்தில் சாலையில் லாரிகள் போவது கேட்டது. முத்துவேல் வழக்கம்போல ஒவ்வொரு லாரியின் சத்தத்துக்கும் காதைக் கொடுத்தான். அரை டம்ளர் டீயை அவன் கையில் கொடுத்துவிட்டு மலர்க்கொடி பக்கத்தில் உட்கார்ந்தாள். திட்ட வேண்டும் என்றுதான் கூட்டிக்கொண்டு வந்தாள். உட்கார்ந்ததும் முதுகு வளைந்துபோனது. திட்டுவதற்கும் ஒரு தெம்பு வேண்டியிருக்கிறது.

"எத்தன நாளா இத நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"மெஷின்ல ரெண்டாவது தடவ மயங்குனேன்ல, அப்பலேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ வேணாம்ப."

"பின்ன, சரின்னு சொல்லுவாங்களா?"

அவன் டீயைச் சின்னச் சின்னதாக உறிஞ்சினான். ஒரு மிடறை வாயில் வெகுநேரம் வைத்திருந்து விழுங்கினான்.

"மலரு, நீ கண்ணாடி பாத்து எத்தன நாளாச்சு? பஸ்ஸுல நின்னுக்கிட்டே தூங்கற. அன்னிக்குக் கண்டக்டர் ஒன்னய எழுப்புனான். நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எடம் குடுக்கக்கூட என்னால எந்திரிக்க முடியல."

"அதனால செத்துப் போறேங்கறீங்களா?"

"அது மட்டுமில்ல." டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "டாக்டருங்க நம்மளயே முடிவு பண்ணச் சொல்லிட்டாங்க. நான் எங்க முடிவு பண்றது? கடைசில நீதான் பண்ணுவ. நீ கேமரான்னு சொல்லி, நான் மயக்கத்துலயே போயிட்டேன்னு வையி. ஊரு ஒன்னயச் சொல்லும். சொல்லாட்டியும் நீயே சொல்லிக்குவ. எங்க அக்காவப் பாரு, ஒரு கயித்தக் கட்டிட்டு எம் மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது. நீயும் அப்புடி ஆகணுமா? ஆத்தா எடுத்துக் குடுத்ததுன்னா யாரு மேலயும் பழி இல்ல."

மலர்க்கொடிக்கு இது எதிர்பாராதது. வாழ்வில் அலுத்துப்போய் வேப்பிலை கேட்கிறான் என்று நினைத்தாள். அலுப்பும் இருந்தது. ஆனால் பூக்கட்டிப் பார்க்க அவன் வந்ததே அவளுக்காகத்தான். பதினாறு வயது மகளையும் மாவுக் கல்லையும் அவளிடம் விட்டுப் போகிற மனிதன், பழியை மட்டும் விட்டுப் போக மாட்டானாம். அழுகை வருகிற மாதிரி இருந்தது, வந்தது கோபம்.

"நான் களச்சுப் போயிருக்கேன். இல்லன்னு சொல்லல. காலையில எந்திரிக்கறப்பவே எப்படா படுப்போம்னு இருக்கு. ஆனா களைப்புன்னா வேணாங்கறது இல்லைங்க. இட்லி மாவு அரைச்சாலுந்தான் களைப்பா இருக்கு. அதுக்காகக் கல்லத் தூக்கிக் கெணத்துல போட்டுருவனா?"

அவன் உதடு கொஞ்சம் இழுபட்டது.

"எந்த வழின்னு ஆத்தாவ கேக்க வேணாம். நான் ஒங்களயே கேக்கறேன். மூணுல எது ஒங்களுக்கு ரொம்ப பயம்? வெக்கப்படாம சொல்லுங்க."

நீண்ட நேரம் யோசித்தான். ஒரு லாரி போய், இன்னொரு லாரி போயிற்று.

"மயக்கந்தான்," என்றான். "லாரி ஓட்டறப்ப கண்ணு அசந்தா ஆளு காலி. இருபது வருஷம் அப்புடி ஓட்டிட்டேன். இன்னொருத்தன் வண்டியில ஏறிக்கிட்டு நீ தூங்குடான்னா, முடியல மலரு. எந்திரிக்க மாட்டேன்னே தோணுது."

மலர்க்கொடி மடியிலிருந்த மல்லிகைப் பொட்டலத்தை எடுத்துத் தனியே வைத்தாள். "சரி. கேமரா வேணாம். இப்ப என்னய கேளுங்க."

"என்ன கேக்கறது?"

"எனக்கு எது பயம்னு."

"ஒனக்கு எது பயம்?"

"அந்தப் பெரிய ஊசி. அந்தம்மா கை நல்ல கைதான். ஆனா உள்ள குடல் ஒட்டிக்கிட்டிருந்தா அது ஊசிக்குத் தெரியுமா? சீழ் பிடிச்சு நீங்க துடிச்சத நான் பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது." அரளிப் பொட்டலத்தையும் எடுத்து வைத்தாள்.

மடியில் ஒன்றுதான் மிச்சம். இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"வெட்டறது பெருசாச்சே," என்றான்.

"பெருசுதான். வலிக்கும். ஆற நாளாகும்."

"முழிச்சுக்கிட்டே இருக்கலாம்ல?"

"இருக்கலாம். வலிச்சா என்ன பண்ணுவீங்க?"

"கத்துவேன்."

"நல்லா கத்துங்க. வெளியில எனக்குக் கேக்கற மாதிரி கத்துங்க. சத்தம் வந்தா ஆளு இருக்காருன்னு நான் தெரிஞ்சுக்குவேன்."

முத்துவேல் சிரித்தான். சிரித்ததில் இருமல் வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவள் முதுகைத் தடவிவிட்டாள். நிமிர்ந்தபோது, "இது ஆளுக்குப் பாதியா முடிவு பண்ணது," என்றான். "நீ மட்டும் பண்ணல. பின்னால ஏதாச்சும் ஆனா நெனப்பு வச்சுக்க."

"வச்சுக்கறேன்."

உள்ளே ரத்தினம்மாள் அதே தூணடியில் கண்ணைத் துடைத்தபடி இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முதலில் விழித்தாள். "அப்ப சாமிகிட்ட கேக்கவே இல்லயா?"

"கும்பிட்டுக்குவோம் அண்ணி. கேக்கத்தான் வேணாம்."

"கட்டுன பூவ என்னடி பண்றது?"

"அரளியையும் சாமந்தியையும் ஆத்தாவுக்குக் குடுத்துருங்க."

"மல்லி?"

மலர்க்கொடி பதில் சொல்வதற்குள் முத்துவேல் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து அக்காவிடம் நீட்டினான். "நாருல தொடுத்து அவ தலையில வச்சு வுடு. பாக்க ஒரு மாதிரி இருக்கா."

"நல்லா இருக்குடா ஒன் கொஞ்சல், மூஞ்சியப் பாரு," என்று ரத்தினம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே தொடுக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் தர்மராஜ் முகவாயைத் தடவிக்கொண்டார். "எனக்குப் பிடிச்ச வழி இது இல்லம்மா. ஆனா தப்பான வழின்னு சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நிபந்தனை. திறந்ததும் குடல் கொத்தா ஒட்டிக்கிட்டிருந்தா நான் மேல கை வைக்க மாட்டேன். தையல் போட்டு மூடிடுவேன். அப்பறம் மெஷின்தான். ஒத்துக்கறீங்களா?"

மலர்க்கொடி முத்துவேலைப் பார்த்தாள். அவன், "சரிங்க சார்," என்றான்.

அமிர்தவல்லி அவனை எழுந்து நிற்க வைத்து, லுங்கியை வீட்டில் கட்டுவதுபோலவே கட்டச் சொன்னார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார். தொந்தி எங்கே மடிகிறது, கட்டு எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்கு நான்கு விரல்கடை மேலே மையால் புள்ளி வைத்தார். "குழாய் இங்கதான் வெளிய வரணும் சார்," என்றார் தர்மராஜிடம். பிறகு கூட வந்திருந்த ரத்தினம்மாள் பக்கம் திரும்பினார். "கயிறு கட்டணும்னா கையில கட்டுங்கம்மா. இடுப்பு என்னோடது."

"கும்பிடு போட்டுக்கறேன் தாயி, நான் கிட்டயே வரல," என்றாள் அவள்.

வியாழக்கிழமை காலையில் உள்ளே கூட்டிப்போனார்கள். மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் மலர்க்கொடியும் ரத்தினம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். மலர்க்கொடி சத்தத்துக்காகக் காதைத் தீட்டி வைத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பாத்திரம் வைக்கிற ஓசை, யாரோ இருமியது. அவன் கத்தாதது அவளுக்குப் பயமாக இருந்தது. ஒருவேளை வேறு வழியில்லாமல் மயக்கம் கொடுத்துவிட்டார்களோ? எழுந்து கதவருகே போனாள்.

"யம்மா!" என்று உள்ளே ஒரு குரல் அலறியது. தொடர்ந்து, "சார், கொஞ்சம் மெதுவா சார்!"

மலர்க்கொடி பெஞ்சுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "இருக்காரு," என்றாள். ரத்தினம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அவன் கத்தினபோதெல்லாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டார்கள்; ஓய்ந்தபோதெல்லாம் விட்டார்கள்.

தர்மராஜ் வெளியே வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இடது பக்கம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு. விரல் எட்டற தூரத்துல வலது பக்கம் வழி இருந்தது. அதுல எறக்கிட்டேன். எட்டாத எடத்துல என்னன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம் தண்ணி விட்டு வடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

அறையில், அன்றும் திருச்சியிலிருந்து வந்திருந்த அமிர்தவல்லி சின்னப் பையை மேலே தொங்கவிட்டு, தண்ணீரை உள்ளே இறங்க விட்டார். காலிப் பையைத் தரையில் வைத்தார். கவ்வியைத் திறந்தார். குழாயில் ஒன்றும் வரவில்லை. முத்துவேல் வெளுத்த உதட்டை நக்கிக்கொண்டு, தரையில் கிடந்த பையையே பார்த்தான். மலர்க்கொடிக்கு அந்தப் பையைத் தவிர உலகத்தில் வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"லேசா வலது பக்கமா சாயுங்க," என்றார் டாக்டர்.

மலர்க்கொடி தோளைப் பிடித்து அவனைச் சாய்த்தாள். வலியில் பல்லைக் கடித்தான். குழாயில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. பிறகு நிற்காமல் வந்தது. வர வர நிறம் வெளுத்தது. பையின் அடியில் தண்ணீர் பரவி, மெல்ல மேலே ஏறியது. விட்டது முக்கால்வாசிக்கு மேல் திரும்பி வந்தபோது அமிர்தவல்லி கவ்வியை மூடினார்.

"போதும். இன்னிக்கு இது போதும். ரெண்டு வாரம் இந்தக் குழாய யாரும் தொடக் கூடாது. வெட்டு ஆறணும், இல்லன்னா கசியும். அதுவரைக்கும் திருச்சி மெஷின்தான். அப்பறம் வூட்ல ஆரம்பிக்கலாம்."

"எத்தன நாளைக்கு ஓடும் மேடம்?" என்றாள் மலர்க்கொடி.

"தெரியாதும்மா. வருஷக்கணக்கா ஓடலாம். நடுவுல மக்கர் பண்ணலாம். ஓடற வரைக்கும் நல்லா பாத்துக்குவோம்."

எல்லோரும் போனபின் மலர்க்கொடி கட்டிலோரம் உட்கார்ந்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. உடம்பு அதற்கு வரவில்லை. கட்டிலின் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"மலரு."

"ம்."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை."

"நாளைக்கு இல்லைங்க. நேத்துதான மெஷின் ஆச்சு. சனிக்கெழமை போவோம், கார் வச்சு. அடுத்த வாரம் பஸ்ஸு."

"பஸ்ஸுல இனிமே ஜன்னலோரம் நீ உக்காரு. நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கறேன். கம்பியில சாஞ்சு தூங்கிக்கிட்டே வா. ஊர் வந்ததும் நான் எழுப்பறேன்."

"நீங்களே மயங்கிக் கெடப்பீங்க திரும்பி வர்றப்ப."

"போறப்ப எழுப்பறேன். வர்றப்ப கண்டக்டர்ட்ட சொல்லி வைப்போம்."

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அவன் கை போர்வைக்குள்ளிருந்து நகர்ந்து வந்து அவள் கைமேல் விழுந்தது. கை குளிர்ந்திருந்தது. எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, சாய்ந்தபடியே அவள் தூங்கிப்போனாள்.